காது கேளாமை குறையா இல்லையா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்கள் மகளுக்கு இரண்டரை வயது. மலேசியாவின் ஈப்போ நகரில் பரிசோதித்துவிட்டு இரண்டு காதும் அநேகமாகக் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள், ஓகேயூ கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பதியுங்கள் என்றும் சொன்னார்கள். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார், பிள்ளைக்கு இப்போதே முத்திரை குத்தினால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்று கேட்கிறார். அதே வாரம் சுங்கை சிப்புட் பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு காது கேளாத பெண் உங்கள் மகளைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் எழுதிக் காட்டியிருக்கிறார்: எனக்குக் குறை ஒன்றும் இல்லை, எங்களுக்கு மொழி இருக்கிறது, பண்பாடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்று. இதில் யார் சொல்வது சரி என்பதுதான் உங்கள் கேள்வி.

கார்டை எடுங்கள். அந்தப் பெண் சொன்னதையும் நம்புங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை, ஏன் என்று கீழே விளக்குகிறேன். ஆனால் இந்த இரண்டையும்விட அவசரமான ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டரை வயதாகும் உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு மொழியும் கிடைக்கவில்லை. கேட்கும் பிள்ளை அந்த வயதில் அம்மாவை எதிர்த்துப் பேசும், ஏன் எதற்கு என்று கேட்கும், பொய்கூடச் சொல்லும். உங்கள் மகளுக்கு அதெல்லாம் மனதுக்குள் இருக்கும், வெளியே வர வழிதான் இல்லை. நான் எழுதப்போவதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று கேட்பீர்கள். என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாங்கள் இதே வட்டாரத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள், அப்பா வெளிக்காட்டு வேலை, அம்மா பால்மரம் சீவினார். அண்ணனிடம் சின்ன வயதிலேயே சைகை மொழி கற்றுக்கொண்டேன், அப்புறம் அதுவே என் வேலையாகிவிட்டது. ஆஸ்பத்திரி, போலீஸ் நிலையம், கல்யாணப் பதிவு என்று காது கேளாதவர்களோடு போய் மொழிபெயர்க்கிறேன்.

குறையா இல்லையா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் காது கேளாதவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஐம்பது வயதில் காது போன ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்தில் அப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். (நாட்டில் 2019-இல் வந்த இரைச்சல் விதிகள் எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இவர்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டவரே அபூர்வம்.) அவருக்குத் தமிழ் இருக்கிறது, பழைய பாட்டெல்லாம் மனதில் இருக்கிறது, பேரப்பிள்ளை குரல் மட்டும் இல்லை. அவரிடம் போய் உங்களுக்குக் குறை ஒன்றுமில்லை, நீங்கள் ஒரு பண்பாட்டைச் சேர்ந்தவர் என்று சொன்னால் அது அவர் இழப்பை மதிக்காத பேச்சு. அவர் ஒன்றை இழந்திருக்கிறார், அதற்குக் கருவியும் வேண்டும், நஷ்டஈடும் வேண்டும், ஆறுதலும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, உலகத்தில் 43 கோடிப் பேருக்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் கேட்கும் திறனை இழந்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. அந்தக் கணக்கில் வயதான பிறகு காது போனவர்கள் மிகப் பெரிய பங்கு.

என் அண்ணன் எதையும் இழக்கவில்லை. சத்தம் என்ற ஒன்றை அவர் அறிந்ததே இல்லை. குயில் கூவுவது கேட்காமல் இருக்கிறதே என்று நாம்தான் அவருக்காக வருத்தப்படுகிறோம், அவருக்கு அந்த வருத்தம் கிடையாது. அவருக்கு வருத்தமெல்லாம் வேறு: கிளினிக்கில் டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து “இவருக்கு என்ன செய்யுது” என்று கேட்பது, வேலை கேட்டுப் போன இடத்தில் படிவத்தைப் பார்த்ததுமே திருப்பி அனுப்புவது, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எல்லாரும் சிரிக்கும்போது என்ன என்று கேட்டால் “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்று கையைக் காட்டிவிட்டுச் சொல்லாமலே விடுவது. இவற்றில் எதையும் அவருடைய காது செய்யவில்லை.

சட்டமே ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது சட்டம் 685, நீண்டகாலக் குறைபாடு உள்ளவர்கள் சுற்றியிருக்கும் தடைகளோடு மோதும்போது சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியாமல் போகலாம் என்ற கோணத்தில்தான் விளக்கம் தருகிறது. உடம்பு பாதி, தடை பாதி. அதே சட்டம் மலேசிய சைகை மொழியை, நாங்கள் ‘பிம்’ என்று சொல்கிற பஹாசா இஷாரத் மலேசியாவை, காது கேளாதவர்களின் அதிகாரபூர்வ சைகை மொழியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதற்கு மேலே ஐ.நா. உடன்படிக்கை ஒன்று இருக்கிறது, 2006-இல் வந்தது, மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக எழுதப்பட்ட அந்த உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவே, சைகை மொழிகளும் காது கேளாதோர் பண்பாடும் உட்பட அவர்களுடைய தனி மொழி, பண்பாட்டு அடையாளத்தை அங்கீகரித்து ஆதரிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆக, கார்டு எடுத்தால் பண்பாடு போய்விடும், பண்பாடு வேண்டுமென்றால் கார்டைத் தொடக்கூடாது என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை.

தடை பாதி என்று சொன்னேனே, அந்தப் பாதி போய்விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க நம் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. இந்தோனேசியாவில், பாலித் தீவின் வடக்கே பெங்காலா. ஏறக்குறைய 3,000 பேர் வாழும் கிராமம். அங்கே பல தலைமுறைகளாக ஒரு மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கிறார்கள், இப்போது நாற்பது பேர் அளவில் இருக்கிறார்கள். ஊரே சேர்ந்து ஒரு சைகை மொழியை வளர்த்துக்கொண்டது, காத்தா கோலோக் என்று பெயர். காது கேட்கிறவர்களிலும் பாதிக்கு மேல் அதில் பேசுவார்கள். காது கேளாதவர்கள் சவக்குழி தோண்டுகிறார்கள், தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஊர்க் காவலுக்குப் போகிறார்கள், அவர்களுக்கென்று ஒரு நடனமே உண்டு. கல்யாணம் காட்சி எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். அதற்காக அதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நெடுங்காலம் எட்டவில்லை. ஆனால் பேச ஆள் இல்லாத தனிமை அங்கே இல்லை. அதே காதோடு ஒரு பிள்ளை நம் தோட்டத்தில் பிறந்திருந்தால் ‘ஊமை’ என்ற பெயரோடு, பேச ஒருவரும் இல்லாமல் வளர்ந்திருக்கும்.

இந்த மொழி எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது யாரோ அதிகாரி உட்கார்ந்து கண்டுபிடித்த சைகைப் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் 1954-இல் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. நாடு முழுவதிலிருந்தும் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் விடுதியில் வந்து தங்கினார்கள். அந்தக் காலத்தில் வகுப்பறையில் கையை அசைக்கக் கூடாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேச வேண்டும் என்பதுதான் முறை. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வகுப்பில் உதட்டைப் பார்த்தார்கள், விடுதிக்குப் போனதும் கையால் பேசினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து, அங்கேயே ஒரு மொழி உருவானது. அதைத்தான் பினாங்கு சைகை மொழி என்கிறார்கள், இன்றைக்கும் சில மூத்தவர்களிடம் பார்க்கலாம். பிறகு 1970-களில் அமெரிக்காவிலிருந்து சைகை மொழி வந்து சேர்ந்தது, கல்வி அமைச்சு மலாய் இலக்கணத்துக்கு ஏற்ற ‘கோட் தாங்கான்’ என்ற கைக்குறி முறையைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. 1990-களின் கடைசியில் மலேசியக் காது கேளாதோர் கூட்டமைப்பு அமைந்த பிறகு பிம் என்ற பெயர் நிலைபெற்றது.

கோட் தாங்கானும் பிம்மும் ஒன்றல்ல, பள்ளி தேடும்போது இது உங்களுக்குப் பயன்படும். முன்னது மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல், ‘மெ’, ‘பெர்’ போன்ற ஒட்டுகள்கூட விடாமல், கையில் எழுதிக் காட்டுவது மாதிரி. பின்னது தனி மொழி. அதில் புருவத்தை உயர்த்தினால் கேள்வி. கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதிலேயே யார் யாருக்குக் கொடுத்தார் என்பது வந்துவிடும். முகம் அசையாமல் கை மட்டும் அசைந்தால் பாதி இலக்கணம் போய்விட்டது என்று அர்த்தம். சைகை மொழிகளுக்கு இப்படி முழு இலக்கணம் உண்டு என்பதை 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்பவர் அமெரிக்காவில் ஆராய்ந்து எழுதிக் காட்டிய பிறகுதான் மொழியியல் உலகமே மெல்ல ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 1880-இல் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, பள்ளிகளில் சைகையை விட்டுவிட்டுப் பேச்சு முறைக்கே போக வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் காது கேட்பவர்கள். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசைதான் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருடம். அதில் எத்தனை பிள்ளைகளின் கையைக் கட்டிவைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு மனது தாங்காது.

பண்பாடு என்று அந்தப் பெண் சொன்னது என்ன என்று கேட்டிருந்தீர்கள். வந்து பார்த்தால் உடனே தெரியும். ஒருவரைக் கூப்பிடத் தோளைத் தட்டுவார்கள், இல்லையென்றால் விளக்கை அணைத்துப் போடுவார்கள், பலகைத் தரையாக இருந்தால் காலால் மிதிப்பார்கள், அதிர்வு போய்ச் சேரும். பேசும்போது கண்ணை எடுத்தால் அது முகத்தில் அடித்த மாதிரி. ஒவ்வொருவருக்கும் சைகைப் பெயர் உண்டு, கன்னத்துக் குழியையோ அடிக்கடி செய்கிற ஏதோ ஒரு செயலையோ வைத்து மற்ற காது கேளாதவர்கள்தான் அதைத் தருவார்கள், நாமாக வைத்துக்கொள்ள முடியாது. கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் உயர்த்தி அசைப்பார்கள். விடைபெறுவது லேசில் முடியாது, கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகு ஒரு மணி நேரம் வாசலில் நிற்பார்கள், தெரு விளக்கு வெளிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்து. நேரடியாகப் பேசுவார்கள், குண்டாகிவிட்டாய் என்றால் குண்டாகிவிட்டாய்தான். நான் மிகவும் மதிக்கிற ஒன்று, அவர்களுக்குள் இனம் குறுக்கே வருவது குறைவு. என் அண்ணனின் உயிர் நண்பர்களில் ஒருவர் தைப்பிங் சீனர், இன்னொருவர் பாரிட் புந்தார் மலாய்க்காரர். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், பெருநாளுக்கு அண்ணன் அங்கே போய்விடுவார்.

விளையாட்டில்கூடப் பாருங்கள். காது கேளாதவர்களுக்கான உலகப் போட்டி 1924-இலேயே பாரிஸில் தொடங்கிவிட்டது. இன்றைக்கு டெஃப்லிம்பிக்ஸ் என்று தனியாகவே நடக்கிறது. பாராலிம்பிக் குழுவோடு இருந்த உறவை 1995-இல் விட்டு விலகினார்கள். எங்களுக்கு உடம்பில் தடை இல்லை, எங்களுக்கு வேண்டியது ஒரே மொழியில் பேசும் போட்டியாளர்களும் கண்ணால் பார்க்கும் அறிவிப்பும்தான் என்பது அவர்கள் நிலை. அதையே எல்லா இடத்துக்கும் நீட்டலாம். கோலாலம்பூர் பங்சாரில் 2016-இல் ஸ்டார்பக்ஸ் திறந்த கடை, உலகத்திலேயே அந்த நிறுவனத்தின் முதல் சைகை மொழிக் கடை. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் காது கேளாதவர்கள். காப்பி கேட்கப் போகிறவர்தான் விரலைக் காட்ட வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும். அந்தக் கவுண்டரில் தடுமாறுவது நாம்தான், அவர்கள் இல்லை.

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

அண்ணன் பினாங்கு விடுதிக்குப் போனபோது அவருக்கு ஏழு வயது தாண்டிவிட்டது. அதுவரை எங்கள் லயத்தில் சாப்பாடு, தூக்கம், அடி, வா, போ என்று ஒரு கைப்பிடிச் சைகைதான். அங்கே போய்த்தான் மொழி கிடைத்தது, எழுத்து கிடைத்தது, அது மலாய் எழுத்து. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும், அதையும் எழுதப் படிக்கத் தெரியாது. மகனுக்கு பிம்மும் மலாய் எழுத்தும் தெரியும், தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அம்மாவும் மகனும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருந்தார்கள், ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கடைசிவரை கிடையாது. அம்மா இறந்து கருமாதி எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அண்ணன் என்னை உட்காரவைத்துக் கேட்டார்: தாத்தா எங்கிருந்து வந்தார், அம்மா ஏன் இடது கையால் சாப்பிடும் என்னை மட்டும் திட்டமாட்டார், நம் குலதெய்வம் எது, எனக்கு மூத்தது ஒன்று செத்துப்போனதாமே அது ஆணா பெண்ணா என்று. ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு அவருடைய குடும்பக் கதை என் கையிலிருந்துதான் போய்ச் சேர்ந்தது. விடிய விடியச் சொன்னேன். மற்ற வீடுகளில் இதெல்லாம் அடுப்படியில், சாப்பாட்டு நேரத்தில், யாரும் சொல்லித்தராமலே காதில் விழுந்துவிடும்.

காது கேளாத பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால் இந்தச் சமூகத்துக்குப் பிள்ளை அம்மா மடியில் இருந்து வருவதில்லை, பள்ளியில், விடுதியில், சங்கத்தில் போய்த்தான் சேருகிறது. அதில் மலாய்க் குடும்பத்துப் பிள்ளைக்காவது பள்ளியில் எழுதும் மொழியும் வீட்டு மொழியும் ஒன்று. நம் பிள்ளைக்கு அதுவும் இல்லை. காது கேளாதோர் பள்ளியில் தமிழ் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்பு இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கானது, சைகை மொழி தெரிந்த ஆசிரியரும் சைகையில் பேசும் கூட்டாளிகளும் அங்கே இல்லையென்றால் உங்கள் மகள் ஒரு மூலையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். பிள்ளைக்குத் தமிழ் போய்விடுமே என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக அவள் வளர்வதற்கு ஒரே வழி, நீங்கள் எல்லாரும் கையால் பேசுவது. பொங்கலையும், திருநீறையும், மாமன் சீரையும், பாட்டி ஊரையும் பிம்மில் சொல்லலாம். வீட்டுக்கென்று சில சைகைகளை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம். பிறகு எழுதப் படிக்கும் வயதில் தமிழ் எழுத்தையும் நீங்களே கற்றுக்கொடுக்கலாம், மொழி ஒன்று ஊன்றிய பிள்ளைக்கு இரண்டாவது எழுத்து பெரிய விஷயமே இல்லை.

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழக்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பணம்’ என்று சொல்லுங்கள், அப்புறம் ‘மணம்’ என்று சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ‘க’ தொண்டைக்குள் நடக்கிறது, பார்க்கவே முடியாது. மொழி ஏற்கெனவே தெரிந்தவர் மீதியை ஊகித்துக்கொள்வார், செம்பனை ஆலைக்காரர் அப்படித்தான் சமாளிக்கிறார். மொழியே தெரியாத பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

காதுக்குள் பொருத்தும் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், காக்ளியர் இம்ப்ளாண்ட். நான் அதற்கு எதிரி இல்லை. காது கேளாதவர்களில் சிலர் கடுமையாக எதிர்க்கிறார்கள், எங்கள் பிள்ளைகளை எங்களிடமிருந்து பிரிக்கிறீர்கள், எங்களை நோயாளியாகப் பார்க்கிறீர்கள் என்று. மிலான் கதையைத் தெரிந்துகொண்டவருக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். ஆனால் முடிவு உங்களுடையது. உங்கள் மகள் வயதில் போட்டு, விடாமல் பேச்சுப் பயிற்சிக்குப் போய், நன்றாகக் கேட்டுப் பேசும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். போட்டுவிட்டு, பயிற்சிக்கு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் அலைய வண்டியும் லீவும் இல்லாமல், உடைந்த உதிரிப் பாகத்தை வாங்கக் காசு இல்லாமல், கருவியை அலமாரியில் வைத்துவிட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். தினச் சம்பளத்துக்குப் போகும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. டாக்டரிடம் அறுவைச் சிகிச்சைச் செலவை மட்டும் கேட்காதீர்கள், அடுத்த பத்து வருடத்து பேட்டரி, வயர், வெளிக்கருவி மாற்றும் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். இன்னொன்று, கருவியைக் கழற்றினால் அவள் காது கேளாதவள்தான், குளிக்கும்போதும் தூங்கும்போதும். அதனால் போட்டாலும் போடாவிட்டாலும் சைகை மொழி வேண்டும். கையால் பேசினால் வாயால் பேச வராது என்று பயமுறுத்துவார்கள், நான் பார்த்தவரையில் அப்படி இல்லை. மொழி தெரிந்த பிள்ளைக்குப் பேச்சும் எளிதாகத்தான் வருகிறது. மொழிக்கான முதல் ஐந்து வருடத்தை வெறுமனே கழித்துவிட்ட பிள்ளைக்குத்தான் அப்புறம் எதுவும் முழுதாக வருவதில்லை.

குறை இல்லை என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் நம் பிள்ளைகளுக்கு நஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதி சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்று சொல்கிறது, உடல் குறைபாடு அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் 685-ஐ மீறினால் தண்டனை என்ன என்று தேடினால், பாகுபாடு காட்டியவருக்கு அதில் தண்டனையே கிடையாது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஒன்று என்ற ஒதுக்கீடு கொள்கையாக இருக்கிறது. இப்படி உரிமை மெலிதாக இருக்கிற நாட்டில் கையில் கிடைப்பதை விடக்கூடாது. ஓகேயூ கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணச் சலுகை, ரயிலில் கழிவு, பள்ளி போனால் மாணவர் அலவன்ஸ், வேலைக்குப் போகும் காலத்தில் வருமான வரம்புக்கு உட்பட்டு மாத உதவித்தொகை. அடுத்தவன் போட்ட தடைக்கு உங்கள் பிள்ளை தினமும் செலவு செய்யப்போகிறாள், அதில் ஒரு சின்னப் பங்கை அரசாங்கம் திருப்பித் தருகிறது. அவ்வளவுதான் அந்தக் கார்டு. அண்ணன் அதைப் பையில் வைத்திருக்கிறார், தேவைப்படும் கவுண்டரில் நீட்டுகிறார், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்.

மாமியாருக்கு வருவோம். அவர் பயம் பாசத்திலிருந்து வருகிறது, கோபப்படாதீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் காது கேளாத பெண்ணின் நிலைமையை அவர் கண்ணால் பார்த்திருப்பார். இன்றைக்குக் காது கேளாதவர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அண்ணியும் காது கேளாதவர்தான். அவர்களுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் காது நன்றாகக் கேட்கும். காது கேளாத தம்பதிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்கிறவர்களாகத்தான் பிறக்கிறார்கள். நீங்கள் அத்தை மகனைக் கட்டியிருப்பதால் இப்படி ஆனதா என்று மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நெருங்கிய சொந்தத்தில் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணு மாற்றம் சேர்ந்துவிட வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் சொந்தமே இல்லாத தம்பதிக்கும் பிறக்கிறது, கர்ப்பத்தில் வந்த ருபெல்லாவாலும், பிறந்த பிறகு வந்த மூளைக்காய்ச்சலாலும் வருகிறது. அடுத்த பிள்ளை பற்றி யோசித்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். யார் பக்கத்து ரத்தம் என்று வீட்டுக்குள் வழக்கு வேண்டாம், அந்தச் சண்டையில் பிள்ளைக்கு ஒரு சைகைகூடக் கூடுதலாகக் கிடைக்காது.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம். கார்டுக்கு விண்ணப்பப் படிவத்தில் டாக்டர் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும், ஈப்போவில் பரிசோதித்த அதே இடத்தில் கேட்டு வாங்குங்கள். சுங்கை சிப்புட் குவாலா கங்சார் மாவட்டத்தில் வருவதால் அந்த மாவட்ட சமூகநலத் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலும் பதியலாம். கேட்கும் கருவி மாட்டிப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஈப்போவில் காது கேளாத பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வித் தொடக்கப்பள்ளி இருக்கிறது, பதியும் வயது வரும்வரை காத்திராமல் இப்போதே போய் வகுப்பைப் பாருங்கள். ஆசிரியர் கையைப் பாருங்கள், அதைவிட முக்கியமாக இடைவேளையில் பிள்ளைகள் கையைப் பாருங்கள். அந்த பசார் மாலாம் பெண்ணின் எண்ணை வாங்கியிருந்தால் இன்றைக்கே அவருக்கு எழுதி வீட்டுக்குக் கூப்பிடுங்கள், வளர்ந்த காது கேளாத ஒருவரை உங்கள் மகள் இன்னும் பார்த்துப் பழகவில்லை. வாரம் ஒருமுறை அவர் வந்து உங்களோடும் உங்கள் பெரிய பையனோடும் மாமியாரோடும் உட்கார்ந்தால், நான் எழுதியதைவிட அதிகம் சொல்லிக்கொடுப்பார். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள், தயங்கினாலும் கொடுங்கள், அது அவர் வேலை. என் அண்ணியும் சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறார், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.